சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கா, மேற்கா?

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ, குறுக்கு வழியில் அளந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வழியில் எங்காவது மாறியாக வேண்டும். கிழக்கே போனாலும் சேரலாம், மேற்கே போனாலும் சேரலாம் என்பதால்தான் டிக்கெட் போட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

தூரத்தில் ஹாங்காங் வழிதான் சிக்கனம், ஏறக்குறைய 14,800 கி.மீ. துபாய் வழி 16,000, சிங்கப்பூர் வழி 16,500, பிராங்பர்ட் வழி 16,700 வரும். விமானத்துக்கு இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரச் சமாச்சாரம். நடுவழியில் எட்டு மணி நேரம் காத்துக் கிடந்தால் அந்த லாபம் போயே போச்சு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது காத்திருக்கும் நேரம். இரண்டரை முதல் நான்கு மணி நேரம் சரி. அதற்குக் குறைந்தால் ஓட்டம், கூடினால் அலுப்பு.

அடுத்தது காற்று. பசிபிக் கடலுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசும். குளிர்காலத்தில் இன்னும் வேகம். ஹாங்காங்கிலிருந்து போகும்போது பன்னிரண்டரை மணி நேரத்தில் சேர்த்துவிடும் விமானம், திரும்பும்போது பதினைந்தை நெருங்கும். தேதிக் கோட்டைத் தாண்டுவதால் ஒரு வேடிக்கையும் உண்டு: ஹாங்காங்கில் பத்தாம் தேதி நள்ளிரவு தாண்டி ஏறினால், சான் பிரான்சிஸ்கோவில் ஒன்பதாம் தேதி இரவு இறங்குவீர்கள். அழைக்க வருபவருக்குத் தேதியைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.

மகள் பிரசவத்துக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு என்றால் என் கணக்கே வேறு. துபாய் வழியில் முதல் பயணம் நான்கு மணி நேரம், அடுத்தது பதினாறு. மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் பதினாறு கொடுமை. பிராங்பர்ட்டில் மாறினால் பத்தும் பதினொன்றுமாகப் பாதிப்பாதி. தூரம் கூடினாலும் உடம்பு தாங்கும். ஆங்கிலம் வராதவர்கள், தனியாகப் போகிறவர்கள் என்றால் யோசிக்காமல் சிங்கப்பூர். தமிழ் அங்கே ஆட்சிமொழி. வழி கேட்கத் தமிழர் ஒருவர் கிடைப்பது பெரிய காரியமில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறும் டிக்கெட் மலிவாகக் கண்ணில் படும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை. பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.