பட்டறைக் கொட்டகையின் இரும்பு உத்திரத்தில் சாதனங்களைப் பொருத்தும் முறை

விவசாயிகள் பலர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் சிறு பட்டறை ஒன்று அமைத்துக்கொண்டு, பம்பு, எண்ணெய் எஞ்சின், கலப்பை முதலியவற்றைத் தாமே பழுது பார்த்து வருகின்றனர். பணச் செலவும், பருவ காலத்தில் நேரும் தாமதமும் இதனால் குறைகின்றன. ஆயினும் கனத்த யந்திரங்களைத் தூக்கும்பொருட்டு, கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரத்தில், செயின் பிளாக் எனப்படும் சங்கிலிக் கப்பியை யாதொரு கணக்குமின்றி மாட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்து வருகிறது. அவ்வுத்திரம் கூரையின் பாரத்தை உத்தேசித்து இடப்பட்டதேயன்றி, எஞ்சினைத் தொங்கவிடுவதற்காக இடப்பட்டதன்று. உத்திரம் தவறினால் யந்திரம் மட்டுமன்றி, அதன் கீழ் நிற்பவரின் உயிருக்கும் அபாயம் உண்டாகும். ஆகவே இவ்விஷயத்தில் அறிய வேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

பாரத்தைக் கணித்தல்

மெதுவாக ஓடும் பழைய மாதிரி எண்ணெய் எஞ்சின், 5 அல்லது 6 குதிரைச் சக்தி உடையதாயினும், பெரிய சக்கரங்களுடன் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளது. இதனுடன் கப்பியின் எடையையும் கூரையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும். மேலும், பாரத்தை மெல்ல ஏற்றாமல் ஒரே கணத்தில் முழுவதும் தொங்கவிட்டால், உத்திரத்தின்மீது விழும் விசை இரு மடங்காகும். சங்கிலி நழுவிப் பாரம் சிறிது தூரம் விழுந்து நிற்குமாயின் விசை இன்னும் அதிகரிக்கும். ஆதலால் தூக்கும் பாரத்திற்குச் சரியான அளவு மட்டும் தாங்கும் சாதனம் போதாது. தாராளமான மிச்சம் அவசியம்.

உத்திரத்தின் இயல்பு

சாதாரண உத்திரம் ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவமுடையது. மேற்பட்டை, அடிப்பட்டை, இவ்விரண்டையும் இணைக்கும் நடுத்தகடு என அதில் மூன்று பாகங்கள் உள்ளன. பாரம் தொங்கும்போது மேற்பட்டை நெருக்கப்படுகிறது, அடிப்பட்டை இழுக்கப்படுகிறது, நடுத்தகட்டின் மைய உயரத்தில் வளைவினால் உண்டாகும் இழுப்பும் நெருக்கமும் இல்லை.

இரு சுவர்களின்மேல் கிடக்கும் உத்திரத்தின் நட்ட நடுவில் பாரம் தொங்கும்போதே வளைவு விசை மிகுதியாகும். அதே பாரத்தைக் கால்பங்கு தூரத்தில் மாட்டினால் அவ்விசை நான்கில் மூன்று பங்காகக் குறையும். சுவர்களுக்கு இடைப்பட்ட தூரம் இரட்டித்தால் வளைவு விசை இரட்டிக்கும். உத்திரம் தொய்யும் அளவோ 8 மடங்காகும். ஆகையால் 3 மீட்டர் அகலக் கொட்டகையில் நன்கு உழைத்த உத்திரத்தைப் போன்றதே 6 மீட்டர் கொட்டகைக்கும் போதுமெனக் கொள்ளலாகாது.

சுவரின் அருகில் மாட்டினால் வளைவு குறையுமெனினும், பாரத்தில் பெரும்பகுதி அந்தச் சுவரையே சேரும். உத்திரத்தின் முனை கெட்டியான கல்லின்மீதோ கான்கிரீட்டின்மீதோ அமர்ந்திருத்தல் வேண்டும். மண் சாந்துச் சுவரில் நேராகப் பதிந்த முனை நம்பத்தக்கதன்று.

உத்திரம் பக்கவாட்டில் மிகவும் பலவீனமானது. 150 மில்லிமீட்டர் உயர உத்திரத்தின் பக்கவாட்டு விறைப்பு, செங்குத்து விறைப்பில் ஏறத்தாழ 14-இல் 1 பங்கே. ஆதலால் பாரத்தை நேர் மேலாகவே தூக்கவேண்டும். தரையில் கிடக்கும் எஞ்சினைச் சங்கிலியால் சாய்வாக இழுத்தல் கூடவே கூடாது.

துளையும் பற்றவைப்பும்

மேற்கூறிய உத்திரத்தின் அடிப்பட்டை 75 முதல் 80 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதில் 14 மில்லிமீட்டர் துளைகள் இரண்டை அடுத்தடுத்து இட்டால், இழுப்பைத் தாங்கும் இரும்பில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அவ்விடத்தில் நீங்கிவிடும். துளை தவிர்க்க முடியாததாயின், இலேசான பொருளுக்கு மட்டும், நடுத்தகட்டின் மைய உயரத்தில், சுவர் முனைகளுக்கு விலகி இடலாம்.

வெல்டிங் வைத்துக் கொக்கியைப் பொருத்துவதும் தகாது. சுமார் 600 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருக்கு தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடுகிறது. கூரையைத் தாங்கி நிற்கும்போதே உத்திரத்தைச் சூடேற்றுதல் அபாயகரமானது.

பழைய ரயில் தண்டவாளங்களை உத்திரமாக இட்ட கொட்டகைகள் நம் கிராமங்களில் ஏராளம். தண்டவாள உருக்கில் கரியின் அளவு சாதாரண உத்திர இரும்பைவிட மிக அதிகம். தக்கபடி முன்கூட்டியே சூடாக்காமல் அதில் வெல்டிங் வைத்தால், அவ்விடம் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்குந் தன்மை அடையும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புத் தோன்றிப் பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

பொருத்தும் முறை

உத்திரத்திற்குச் சேதமின்றிப் பொருத்த உகந்த சாதனம் பீம் கிளாம்ப் என்னும் பிடியாகும். இது அடிப்பட்டையின் இரு ஓரங்களையும் இருபுறமும் கவ்விக்கொள்ளும். தாங்கும் அளவும், பொருந்தும் பட்டை அகலமும் பொறிக்கப்பட்ட பிடியையே வாங்குக. தச்சர் பலகையை இறுக்கும் சாதாரணக் கிளாம்பு பாரம் தூக்குவதற்கு உரியதன்று.

இரும்புத் தகடும் போல்ட்டும் கொண்டு பிடி செய்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சாதாரண உத்திரங்களில் பட்டையின் உட்புறம் சுமார் 8 பாகை சரிந்திருக்கும். அதன்மேல் தட்டையான வாஷரை வைத்து இறுக்கினால் போல்ட் வளைந்துவிடும். சரிவுக்கேற்ற ஆப்பு வடிவ வாஷர் இடுதல் முறை.

பெல்ட் சக்கரம், காற்றாடி முதலிய அதிரும் சாதனங்களில் நட்டுகள் நாளடைவில் தளரும். அவற்றிற்கு இரட்டை நட்டோ, உள்ளே நைலான் வளையமுள்ள பூட்டு நட்டோ இட்டு, அடிக்கடி முடுக்கிப் பார்த்தல் நலம்.

சோதனை

முதல்முறை தூக்குமுன் உத்திரத்தின் இரு முனைகளுக்கும் இடையே நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் உத்திரத்திற்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்க. பின் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி, அனைவரும் விலகி நின்று கவனிக்க. தொய்வு, சுவர்களின் இடைத் தூரத்தில் 500-இல் 1 பங்கைத் தாண்டலாகாது. அதாவது 4 மீட்டருக்கு 8 மில்லிமீட்டர். பாரத்தை இறக்கியபின் உத்திரம் பழைய நிலைக்குத் திரும்பாவிடில், அதை மறுபடி தூக்குவதற்கு உபயோகித்தல் கூடாது.

உத்திரத்தின் அளவோ சுவரின் உறுதியோ ஐயத்திற்கு இடமாயிருப்பின், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி அறிதல் வேண்டும். அதற்கு வசதி இல்லாதவிடத்து, கிணற்றுப் பம்பைத் தூக்க நிறுத்தும் முக்காலியைப் போன்ற தனித் தாங்கியைத் தரையில் ஊன்றி உபயோகிப்பதே உத்தமம். எவ்வாறாயினும் தொங்கும் பாரத்தின் கீழ் ஒருவரும் நில்லாதிருக்கக் கடவர்.