எஞ்சின் மாற்றினால் பம்ப்பையும் பாருங்கள்

மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் உறைபோட்டு நிற்கும் ஹெரால்டு, அம்பாசடர்களுக்கு மாருதி எஞ்சின் பொருத்த நினைப்பவர்கள் பெட்ரோல் பம்ப்பைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அதுதான்.

பழைய எஞ்சினில் கேம்ஷாஃப்ட் அசைத்து இயக்கும் மெக்கானிக்கல் பம்ப் இருக்கும். கார்புரேட்டருக்கு அது தரும் 3, 4 பி.எஸ்.ஐ. அழுத்தமே தாராளம். இன்ஜெக்ஷன் வகையான எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்கோ சுமார் 3 பார், அதாவது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும். இன்ஜெக்ஷனுக்கான எலெக்ட்ரிக் பம்ப்பைக் கார்புரேட்டரில் மாட்டினால் நீடில் வால்வு தாங்காமல் பெட்ரோல் வழிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டும்; தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

எலெக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. ஆகவே டேங்க்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, முன்னால் ஒரு ஃபில்டரோடு வையுங்கள். மே மாத வெயிலில் பாண்டி பஜார் நெரிசலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுபோகும் தொல்லையும் குறையும். ரிலே அவசியம், எஞ்சின் நின்றதும் பம்ப்பும் நிற்கும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷனுக்கு ரிட்டர்ன் லைனும் பெரும்பாலும் தேவைப்படும்.

எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்கலாம், பம்ப் வேண்டாம். ஜி.பி. ரோட்டில் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே பெற்று, ஆர்.சி.யிலும் பதிந்துவிடுங்கள்.