ரோம்ஃபோர்டு சந்தைக் குத்தகை

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. ஈக்விட்டி, டிரஸ்ட் தாளுக்கு, அடிப்படை வாசகங்களான பன்னிரண்டு மாக்சிம்களையும் மனப்பாடம் செய்துவிட்டதாகவும், அவை எங்கே எப்படிப் பொருந்துகின்றன என்று பிடிபடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவற்றை இப்போதைக்கு மூடி வை. அவை நூற்றுக்கணக்கான வழக்குகளைப் படித்து முடித்தவர்கள் செய்துவைத்த சுருக்கம். வழக்குகளைப் படிக்காதவர் கையில் அவை வெறும் சொற்கள். கைடு புத்தகங்கள் அங்கிருந்து தொடங்குவதால்தான் இந்தப் பாடம் பலருக்குக் கசந்துபோகிறது.

இன்னொன்று. ஈக்விட்டி என்றால் சட்டம் கைவிட்டவர்மீது நீதிபதி காட்டும் இரக்கம் என்று உன் வகுப்பில் பாதிப் பேராவது நினைத்திருப்பார்கள். பிறந்தபோது அது ஓரளவு அப்படித்தான் இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் ஒருவர் தன் நிலத்தை நண்பர் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, 'என் மனைவி மக்களுக்காக வைத்திரு' என்று சொல்லிவிட்டு இறந்துபோவார். நண்பர் கைவிரித்தால் சாதாரண நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதோடு அங்கே கேள்வி முடிந்துவிடும். ஏமாந்த குடும்பம் அரசரிடம் மனுப் போடும், மனு அரசரின் முதன்மை அதிகாரியான சான்சலரிடம் போகும். அந்தக் காலத்துச் சான்சலர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். நிலம் உன் பெயரிலேயே இருக்கட்டும், ஆனால் அதன் பலனை நீ அனுபவிக்க மனச்சாட்சி இடம் தராது என்று அவர்கள் நண்பருக்குக் கட்டளையிட்டார்கள். மீறினால் சிறை. பெயர் ஒருவருக்கு, பயன் இன்னொருவருக்கு என்ற டிரஸ்ட் இப்படித்தான் உருவானது.

சாதாரண நீதிமன்றமும் ஈக்விட்டி வழங்கிய சான்சலர் நீதிமன்றமும் மோதிக்கொண்டபோது, 1616இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சான்சலர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டையும் ஒரே நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தன. தேர்வுக்கு இந்த அளவு வரலாறு போதும். ஆனால் இடையில் நடந்த ஒன்றைக் கவனி. சான்சலருக்குச் சான்சலர் மனச்சாட்சி மாறுகிறதே, அப்படியானால் அவருடைய பாதத்தின் நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே என்று ஜான் செல்டன் 17ஆம் நூற்றாண்டில் கேட்டார். அந்தப் பழிச்சொல் ஆறாத வடுவாக நின்றது. 1818இல் எல்டன் பிரபு ஒரு தீர்ப்பில், தான் பதவியை விட்டுப் போகும்போது அந்தப் பழி தன்மேல் விழுந்தால் அதைவிட வேதனை வேறில்லை என்ற பொருளில் எழுதினார். இரக்கமாகத் தொடங்கியதை இப்படிப்பட்டவர்கள்தான் விதிகளாக இறுக்கினார்கள். நீ படிக்கப்போவது அந்த இறுக்கத்தைத்தான்.

முதலில் கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு, 1726. தீர்ப்பு ஒரு பக்கத்துக்குமேல் வராது, இன்றைக்கே படித்துவிடலாம். லண்டனுக்குக் கிழக்கே ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை, ஒரு சிறுவனுக்காக டிரஸ்டி ஒருவரிடம் இருந்தது. குத்தகைக் காலம் முடியும் நேரத்தில், சிறுவனுக்காகப் புதுப்பித்துக் கொடுங்கள் என்று டிரஸ்டி கேட்டார். வயதுவராதவனுக்குத் தரமாட்டேன் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். அப்படியானால் எனக்குக் கொடுங்கள் என்று டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். யாரையும் ஏமாற்றவில்லை. சிறுவனுக்கு எப்படியும் கிடைத்திருக்காது. ஆனாலும் சான்சலர் கிங் பிரபு, குத்தகையும் அதன் லாபமும் சிறுவனுக்கே என்றார். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுக்கலாம், இந்த ஒரு மனிதர் மட்டும் எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்று ஒருமுறை விட்டுவிட்டால், எந்த டிரஸ்டியும் பயனாளிக்காக முழுமனதோடு முயற்சி செய்யமாட்டார் என்பது அவர் கண்ட ஆபத்து. உன் இந்திய டிரஸ்ட் சட்டம், 1882ஐ எடுத்து 90ஆம் பிரிவின் உதாரணங்களைப் பார். ஆயுட்காலம்வரை குத்தகைச் சொத்தை அனுபவிக்கும் உரிமையுள்ளவர் அதைத் தன் பெயரில் புதுப்பித்துக்கொண்டால், பழைய குத்தகையில் உரிமையுள்ள எல்லோருக்காகவும் அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஓர் உதாரணம். நமக்கு எதற்கு இது என்று கேட்டாயே, உன் கையிலிருக்கும் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே அந்தச் சந்தைத் தீர்ப்பின் தடம் இருக்கிறது.

அடுத்து போர்ட்மேன் எதிர் ஃபிப்ஸ், 1966. என்னை இன்னும் அலைக்கழிக்கும் வழக்கு. ஒரு குடும்ப டிரஸ்டிடம் ஒரு ஜவுளிக் கம்பெனியின் 30,000 பங்குகளில் 8,000 இருந்தன. கம்பெனி சரியாக நடக்கவில்லை. டிரஸ்டின் சொலிசிட்டர் போர்ட்மேன், பயனாளிகளில் ஒருவரோடு சேர்ந்து, மீதிப் பங்குகளில் பெரும்பகுதியைச் சொந்தப் பணத்தில் வாங்கிக் கம்பெனியைச் சீர்படுத்தினார். டிரஸ்டுக்கு 47,000 பவுண்டு லாபம். அவர்களுக்கு 75,000. டிரஸ்டால் அந்தப் பங்குகளை நீதிமன்ற அனுமதியில்லாமல் வாங்கியிருக்கவும் முடியாது. ஆனால் டிரஸ்டின் சார்பாகப் பேசிய நிலையில் கிடைத்த தகவலும் வாய்ப்பும்தான் அந்த லாபத்துக்கு வழி. இன்னொரு பயனாளி வழக்குப் போட, லாபத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவர் நேர்மையானவர் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டு, உழைப்புக்குத் தாராளமான ஊதியம் கொடுக்கச் சொன்னது. மாறுபட்டு எழுதிய அப்ஜான் பிரபுவை விடாமல் படி. நியாயமாகப் பார்த்தால் நலன்கள் மோத இங்கே வாய்ப்பே இல்லை என்கிறார். அவர் வாதம் வலுவானதுதான். இருந்தும் நான் பெரும்பான்மையின் பக்கம். பிறர் சொத்தைக் கையில் வைத்திருப்பவருடைய நல்லெண்ணத்தை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. நல்லவரிடம் விதியைத் தளர்த்தினால், நல்லவர்போல் நடிக்கத் தெரிந்தவருக்கும் அதே தளர்வு கிடைத்துவிடும்.

இந்தக் கண்டிப்பு டிரஸ்டியோடு நிற்பதில்லை, கொடுப்பவரையும் விடாது. மில்ராய் எதிர் லார்டு, 1862. ஒருவர் தன் உடன்பிறந்தார் மகளுக்காக வங்கிப் பங்குகளை டிரஸ்டில் வைக்க நினைத்துப் பத்திரமும் எழுதிவிட்டார். ஆனால் வங்கியின் பதிவேட்டில் பெயர் மாறவே இல்லை. அவர் இறந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அந்தப் பங்குகள் கிடைக்கவில்லை. கொடுக்க நினைத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அரைகுறையாக நின்ற கொடையை நீதிமன்றம் முடித்துவைக்காது, அவ்வளவுதான்.

சொற்களிலும் இதே கறார். தன் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதி, பிள்ளைகளுக்கு எது சரியோ அதைச் செய்வாள் என்று முழுமையாக நம்புவதாகச் சொன்ன உயிலை 1884இல் ஆடம்ஸ் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் பார்த்தது. டிரஸ்ட் இல்லை, சொத்து முழுக்க மனைவிக்கே என்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே இயற்றப்பட்ட நம் சட்டத்தின் 6ஆம் பிரிவைத் திறந்தால், ஏறக்குறைய அதே மாதிரியான சொற்களுக்கு டிரஸ்ட் உண்டு என்று முதல் உதாரணமே சொல்கிறது. அங்கே பயனாளி இன்னார் என்று தெளிவாக இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பதில் எழுதிப் பார். உயில் எழுத வருகிறவர்கள் 'நம்புகிறேன்' என்று போடச் சொல்வதை என் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளைகள் பின்னால் பல வருஷம் கோர்ட்டு வாசலில் நிற்க நேரலாம். அதனால்தான் இந்தத் தாளை நீ ஒப்புக்குப் படித்துத் தாண்டிவிடக் கூடாது என்று இவ்வளவு எழுதுகிறேன்.

வழக்கைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைப் பக்க ஓரத்தில் எழுதிக்கொள்: சொத்து யார் பெயரில், பயன் யாருக்கு, யாருக்கு யார் கணக்குக் காட்ட வேண்டும்? மியூச்சுவல் ஃபண்டைப் பற்றிப் படித்தாலும் இதே கேள்விகள்தான், அதுவும் நம் நாட்டில் டிரஸ்டாகத்தான் அமைக்கப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்துத் தீர்ப்புகளைப் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் அப்படியே இங்கே பொருத்திவிடாதே. அங்கே ஒரே சொத்துக்குச் சட்ட உரிமை ஒருவரிடமும் ஈக்விட்டி உரிமை இன்னொருவரிடமும் இருக்கும். நம் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி டிரஸ்டிதான் உரிமையாளர். பயனாளிக்கு இருப்பது அவர்மேல் ஓர் உரிமை. கோயில், மடம் போன்ற பொதுச் சமய அறநிலையங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. கோயில் சொத்துக்கு உரிமையாளர் தெய்வம் என்பது நம் சட்டத்தின் நிலை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன வித்யா வருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி அய்யர் வழக்கை (1921) இதற்காகவே படி. மடாதிபதியை ஆங்கில அர்த்தத்தில் டிரஸ்டி என்று சொல்ல முடியாது என்று அமீர் அலி அதில் விளக்குகிறார். இந்தியன் அப்பீல்ஸ் 48ஆம் தொகுதி, 302ஆம் பக்கம். உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் எழுது, நகல் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை