கோடும் எழுத்தும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து அமைந்துள்ளது ஓசூர் நகரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கு ஒரே தெருவில் ஒலிக்கும். ஒரு வீட்டுப் பிள்ளை தமிழின் கொம்பையும் சுழியையும் பயில, அடுத்த வீட்டுப் பிள்ளை தெலுங்கின் தலைக்கட்டைப் பயிலும். இவ்வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், வேறோர் எழுத்தும் மக்கள் கண்ணில் படலாயிற்று. கிருஷ்ணகிரிக்கு அருகே குருபரப்பள்ளியில் தைவான் நாட்டு டெல்டா நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. தைவானிலிருந்தும் சீனத்திலிருந்தும் வரும் பொறிகளின்மேல் காணப்படுவன சீன எழுத்துகள். முறை அறியாதவர்க்கு அவை வெறும் கோட்டுக் குவியல். அறிந்தவர்க்கோ ஒவ்வொரு கோடும் தன் இடத்தில் நிற்கும் ஒழுங்கான கட்டடம்.

தமிழ் எழுத்துகள் ஒலியைக் குறிப்பன. 247 எழுத்துகளையும் கற்றவர் எச்சொல்லையும் எழுதலாம். சீன எழுத்தோ ஒலியோடு பொருளையும் குறிப்பது. ஆதலின் எழுத்துகளின் தொகை மிகப் பெரிது. அன்றாட வழக்கிற்குரியவை எனச் சீன அரசு 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 3,500 எழுத்துகள் உள்ளன. இத்துணை எழுத்துகளையும் ஒரு சிறுவன் எங்ஙனம் நினைவிற் கொள்வான்? கோடுகளை முறைப்படி இட்டுப் பழகுவதனாலேயே என்க.

அம்முறை மேலிருந்து கீழாகவும், இடமிருந்து வலமாகவும் செல்வது. கோடுகள் குறுக்கிடுமாயின், கிடைக்கோடு முன்னும் நெடுக்கோடு பின்னும் வரும். பத்து என்னும் எழுத்து கூட்டல் குறி போன்றது; அதனை இவ்வாறே எழுதுவர். நாற்புறமும் அடைபட்ட எழுத்தாயின், முதலில் சுவர்களை எழுப்பி, உள்ளே இருக்க வேண்டியதை எழுதி, இறுதியில் அடிக்கோட்டை இடுவர். வீட்டினுள் நுழைந்த பின்னரே கதவைச் சாத்துதல் வேண்டும் என்று ஆசிரியர் இதனை விளக்குவர். வாய் என்னும் எழுத்து சதுர வடிவினது; ஆயினும் அதற்குக் கோடுகள் நான்கல்ல, மூன்றே. மேற்கோடும் வலக்கோடும் கையை எடுக்காமல் ஒரே வீச்சில் வளைந்து இறங்குவன ஆதலின் ஒன்றாகவே எண்ணப்படும். மரம் என்னும் எழுத்திற்கு நான்கு கோடுகள். இரு மரம் அடுத்து நின்றால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. முதல் எழுத்தைச் செவ்வனே பயின்ற கைக்கு ஏனைய இரண்டும் எளிதாகும்.

அடிப்படைக் கோட்டு வகைகள் எட்டும் ஓர் எழுத்திலேயே அமைந்துள்ளன. யுங் என ஒலிக்கும் அதன் பொருள், என்றும் நிலைத்தல். பயிற்சிக்கு உகந்ததென அதனைப் பல தலைமுறையாகப் போற்றி வருகின்றனர். இலங்கையின் காலி நகரில் 1911 இல் கண்டெடுக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே விளங்குகின்றன. அக்காலச் சீனப் பேரரசரின் ஆட்சியாண்டுப் பெயர் யுங்லோ. அப்பெயரின் முதல் எழுத்து இந்த யுங்கே அன்றோ! தமிழெழுத்தும் அவ்வெழுத்தும் ஒரே கல்லில் இடம்பெற்று ஆறு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

கோட்டின் தொகை அறியாதார் பழைய அகராதியைப் புரட்டவும் இயலாது. 1716 இல் முற்றுப்பெற்ற காங்சி அகராதி, நாற்பத்தேழாயிரத்திற்கு மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்புகளில் பகுத்துக் கோட்டுத் தொகைப்படி வரிசைப்படுத்தியுள்ளது. தோப்பைத் தேடுவோர் மரம் என்னும் தலைப்பில், எஞ்சிய நான்கு கோடுகளுக்குரிய இடத்தைக் காணல் வேண்டும். மேலும், விரைந்து எழுதுங்கால் கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து உருமாறும். அவை முறைப்படியே இணைவதனால், முறை அறிந்தவரே பிறர் விரைவெழுத்தைப் படிக்கவல்லவர்.

இக்காலத்தில் கைப்பேசியில் ஒலியை உரோமன் எழுத்தில் தட்டினால், உரிய சீன எழுத்துகள் வரிசையாகத் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தால் போதும். இதனால் விரைவு மிகுந்தது. மறதியும் உடன் வந்தது. கண்டால் படிக்க வல்லவர், எழுதப் புகுந்தால் கோடு தெரியாது திகைக்கின்றனர். எழுதுகோலை எடுத்ததும் எழுத்தை மறத்தல் என்று இதற்குச் சீனத்தில் ஒரு தொடரே வழங்குகின்றது. கண் அறிந்தது வேறு. கை அறிந்தது வேறு. கண் அறிந்தது எதிரில் உள்ளபோது மட்டும் துணைசெய்யும். கை அறிந்ததோ எதிரில் ஒன்றும் இல்லாதபோதும் உதவும்.

இது சீனர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இன்று எழுத்தைத் தொட்டு அறியுமுன் தட்டி அறிகின்றனர். முற்காலத்தில் திண்ணைப் பள்ளி மாணாக்கர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். ணகரத்தின் சுழி எத்தனை, னகரத்தின் சுழி எத்தனை என்பதை விரலே அறிந்திருந்தது. புதிய கருவிகளை விலக்குதல் வேண்டா; அவற்றால் பெறும் பயன் பெரிது. ஆயினும் நாள்தோறும் ஒரு பக்கமேனும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் பிறழாது கையால் எழுதுதல் மாணவர் கடனாகும்.