குழந்தையின் கல்லடைப்பும் பெற்றோரின் அச்சமும்

கல்லடைப்பு நடுவயதினரின் வியாதியென்றும், பால்மணம் மாறாத குழந்தைக்கு அது வருவது அசம்பவமென்றும் எண்ணுவோர் நம்மில் மிகுதி. ஆனால் கைக்குழந்தையின் சிறுநீரகத்திலும் கல் உண்டாகிறது. விலா வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத அந்தச் சிசு வீறிட்டழும், வாந்தியெடுக்கும், சிறுநீர் செந்நிறமாய்ப் போகும், அல்லது காய்ச்சல் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

கல் இருப்பது தெரிந்தவுடன், வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்களோ என்ற பீதி பெற்றோரைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் 1980-இலேயே மியூனிக் நகரில் வைத்தியர் கிறிஸ்டியன் ஷௌசியும் அவருடைய சகாக்களும், தேகத்திற்கு வெளியிலிருந்தே அதிர்வலைகளைச் செலுத்தி மனிதரின் சிறுநீரகக் கல்லை முதன்முதலாக நொறுக்கிக் காட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அம்முறை குழந்தைகளுக்கும் பிரயோகமாயிற்று. இத்தனை சிறிய சரீரத்தின் மெல்லிய குழாய் வழியே துகள்கள் எவ்வாறு வெளியேறும் என்ற சந்தேகம் இயல்பானதே. ஆயினும் குழந்தையின் சிறுநீர்க்குழாய் நீளத்தில் குறைந்ததாகவும் நெகிழ்ச்சியில் மிகுந்ததாகவும் இருப்பதால், நொறுங்கிய துகள்கள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடத்தில் சுலபமாகவே இறங்கிவிடுகின்றன என்பது அனுபவம் காட்டிய விந்தை. அசையாதிருக்கச் சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும் என்பதையும், சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும் என்பதையும் மறைக்கலாகாது.

ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லானால், முதுகுப்புறத்தில் சிறு துவாரமிட்டு, உள்ளேயே அதை உடைத்து எடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாகச் செலுத்தும் குழாய் 8 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுடையது. 1998-இல் அமெரிக்க வைத்தியர்கள் குழந்தைகளை உத்தேசித்து 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாயால் இதைச் செய்து பிரசுரித்தார்கள். சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்கோ கீறலே வேண்டாம். சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசர் ஒளியால் பொடியாக்கிவிடலாம்.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. சில மில்லிமீட்டரே உள்ள கல் தானாகவே இறங்கக்கூடும். ஆனால் அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தபின் சாற்றை நம்பிக் காத்திருப்பது சிறுநீரகத்தையே இழப்பதற்கு வழி. அதனினும் வருந்தத்தக்கது, சுண்ணாம்புச் சத்துதான் கல்லாகிறதென்று குழந்தையின் பாலை நிறுத்திவிடுவது. உணவிலுள்ள அந்தச் சத்து, கல்லாக உறையும் ஆக்ஸலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துவைத்துக் கல் வளர்வதைத் தடுக்கிறது. வளரும் எலும்புக்கும் அதுவே ஆதாரம். குறைக்க வேண்டியது உப்பு. கூட்ட வேண்டியது தண்ணீர்.

வெளியேறிய துகளை எறிந்துவிடாமல் பரிசோதனைக்குக் கொடுத்தல் அவசியம். குழந்தைகளிடத்தில் கல்லுக்குப் பின்னே பரம்பரைக் கோளாறு மறைந்திருப்பது அபூர்வமன்று; எடுத்த கல் அத்தகைய கோளாற்றால் உண்டாகும் சிஸ்டின் கல்லென்று தெரியவந்தால், உடன்பிறந்தோரின் சிறுநீரையும் சோதிக்க வேண்டும்.