கதீற்றர் ஆய்வுகூடமும் அங்கு பணிபுரியும் தொழில்நுட்பவியலாளரும்

'அஞ்சியோகிராம்' என்ற சொல் இன்று வன்னிக் கிராமங்களிலும் பழகிப்போன சொல்லாகிவிட்டது. "அப்புவுக்கு யாழ்ப்பாணத்தில் அஞ்சியோகிராம் செய்தவை", "மாமிக்கு ஸ்ரென்ட் வைச்சிருக்கு" என்று மாதர் சங்கக் கூட்டங்களிலும் கோவில் வாசலிலும் பேசக் கேட்கின்றோம். ஆனால் அந்த அறையினுள் என்ன நடக்கிறது, வைத்தியரோடு கூட அங்கு யார் நிற்கின்றார்கள், அவர்கள் எவ்வாறு அந்த வேலைக்கு வந்தார்கள் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. இதனை அறிந்துகொள்வது நோயாளியின் பயத்தைக் குறைக்கும். அதைவிட முக்கியமான இன்னொரு பயனும் உண்டு. கட்டடமும் இயந்திரமும் வெளியிலிருந்து வரலாம். அவற்றை இயக்கும் ஆட்கள் எம்மிடையே இருந்துதான் உருவாக வேண்டும்.

1. அந்த அறையில் நடப்பது என்ன?

இதயம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகின்றது. அதன் தசைக்கும் குருதி தேவை. அதனைக் கொடுப்பவை முடியுரு நாடிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை ஒடுங்கினால் நெஞ்சு நோ உண்டாகின்றது. ஒடுங்கிய இடத்தில் குருதிக் கட்டி உருவாகிப் பாதையை முற்றாக அடைத்தால் அதுவே மாரடைப்பு.

கதீற்றர் என்பது மெல்லிய, வளையக்கூடிய ஒரு குழாய். பெரும்பாலும் அதன் தடிப்பு 2 மில்லிமீற்றர் அளவே இருக்கும். மணிக்கட்டிலோ தொடையின் மேற்பகுதியிலோ உள்ள நாடியின் வழியாக அதனை இதயம்வரை கொண்டு செல்வார்கள். நோயாளி விழித்திருப்பார். குழாய் நுழையும் இடத்தில் மட்டும் விறைப்பு மருந்து ஏற்றப்படும். பின்னர் அயடீன் கலந்த ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்றே மூலம் பார்த்தால், நாடி எங்கே ஒடுங்கியுள்ளது என்பது திரையில் தெரியும். இதுவே அஞ்சியோகிராம். தேவையானால் அதே வழியால் சிறு பலூனை அனுப்பி, ஒடுங்கிய இடத்தை விரித்து, அங்கே ஸ்ரென்ட் எனப்படும் உலோக வலைக் குழாயைப் பொருத்தலாம். இவையெல்லாம் நடைபெறும் அறையே கதீற்றர் ஆய்வுகூடம். வைத்தியசாலையில் சுருக்கமாகக் 'கத் லாப்' என்பார்கள்.

2. இந்த முறை வந்த வழி

1929 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வேர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தமது கை நாளத்தின் வழியே ஒரு குழாயைத் தாமே செலுத்தி, எக்ஸ்றே அறைக்கு நடந்து சென்று, அது இதயத்தை அடைந்ததைப் படமெடுத்தார். அவருக்கு வேண்டிய கருவிகளைக் கொடுத்து உதவியவர் ஒரு தாதி. பின்னர் நியூயோர்க்கில் அந்திரே கூர்நாண்ட், டிக்கின்சன் றிச்சட்ஸ் ஆகியோர் இதனை இதயத்தின் அமுக்கத்தை அளக்கும் முறையாக வளர்த்தனர். இம்மூவருக்கும் 1956 இல் நோபல் பரிசு கிடைத்தது.

1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, எதிர்பாராத வகையில் திரவம் நேரே ஒரு முடியுரு நாடிக்குள் சென்றது. இதயம் சில கணங்கள் நின்றது. நோயாளியை இருமும்படி வைத்தியர் கூற, இருமியதும் துடிப்பு மீண்டது. முடியுரு நாடிகளைத் தனித்தனியே படமெடுக்கலாம் என்பது அன்று தெரியவந்தது. 1977 செப்ரெம்பரில் சூரிச் நகரில் அந்திரேயாஸ் குறுன்ற்சிக் முதன்முதலாகப் பலூனால் முடியுரு நாடியை விரித்தார். 1986 இல் முதலாவது ஸ்ரென்ட் பொருத்தப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. குழாய் இதயத்தைத் தொடும் வேளையில் எதுவும் நடக்கலாம். ஆகவே இதயத்தின் துடிப்பையும் அமுக்கத்தையும் விட்டுக் கண்ணெடுக்காத ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

3. தொழில்நுட்பவியலாளரின் வேலை

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இந்த வேலை ஒரே பதவிப் பெயருக்குள் அடங்குவதில்லை. ஈ.சீ.ஜி. பதிவாளர், றேடியோகிராபர், தாதியர் ஆகியோர் அதனைப் பகிர்ந்து செய்கின்றனர். இந்தியா போன்ற நாடுகளில் இதற்கெனத் தனியான படிப்பு உண்டு. பெயர் எதுவாயினும் வேலையின் உள்ளடக்கம் ஒன்றே.

மட்டம் பார்த்தல்: வீடு கட்டும் மேசன்மார் தெளிந்த றப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். இதயத்தின் அமுக்கத்தை அளப்பதும் நீர் நிரம்பிய குழாயின் மூலமே. அளக்கும் கருவியை நோயாளியின் இதய மட்டத்துக்குச் சரியாக வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கருவி 10 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் அமுக்கம் 7 மி.மீ. இரசத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். மேலே இருந்தால் அதேயளவு குறைத்துக் காட்டும். இதயத்தின் சில அறைகளில் இருக்கும் அமுக்கமே 10 மி.மீ. இரசத்திலும் குறைவு. எனவே மட்டம் பிழைத்தால் நோயைப் பற்றிய முடிவே பிழைத்துவிடலாம்.

காற்றை வெளியேற்றல்: நீர்ப்பம்பியில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஏறாது என்பது தோட்டம் செய்பவருக்குத் தெரியும். கதீற்றர் இணைப்புகளில் ஒரு சிறு காற்றுக் குமிழ் இருந்தாலும் அளவீடு மழுங்கும். அக்குமிழ் முடியுரு நாடிக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் கழுவி, தட்டி, வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்கின்றனர்.

கண்காணித்தல்: வைத்தியரின் கண் எக்ஸ்றே திரையில் இருக்கும்போது தொழில்நுட்பவியலாளரின் கண் ஈ.சீ.ஜி. கோட்டிலும் அமுக்கக் கோட்டிலும் இருக்கும். குழாயின் நுனி நாடியின் வாயை அடைத்துக்கொண்டால் அமுக்கக் கோடு திடீரெனத் தாழும். அவ்வேளையில் திரவத்தைச் செலுத்தினால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டு நின்றுவிடக்கூடும். "அமுக்கம் விழுகிறது" என்று அவர் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். வைத்தியர் குழாயைப் பின்னிழுப்பார். எவ்வளவு பெரிய வைத்தியராயினும் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லத் தயங்கக்கூடாது. இதயம் நின்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அந்த விநாடியே வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாட் காலையிலும் அதனைச் சோதிப்பதும் இவர்களது கடமை.

அளவும் பொருளும்: பலூனும் ஸ்ரென்டும் பல நீளங்களிலும் விட்டங்களிலும் வருகின்றன. வைத்தியர் கேட்கும் அளவை எடுத்து, உறையில் உள்ள அளவையும் காலாவதித் திகதியையும் வாசித்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கார் ரயரில் ஏறத்தாழ 2 வளிமண்டல அமுக்கம் உண்டு. இந்தப் பலூனுக்குள் 8 முதல் 16 வளிமண்டலம்வரை கொடுக்கப்படுவதுண்டு. அரை மில்லிமீற்றர் வித்தியாசமும் நாடியைக் கிழித்துவிடலாம்.

4. தம்மைக் காத்துக்கொள்ளல்

எக்ஸ்றே கதிர் கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. ஆனால் ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் கதிர் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் வழிவகுக்கலாம். எனவே பணியாளர் ஈய அங்கியும் கழுத்துக் காப்பும் அணிகின்றனர். பெற்ற கதிரின் அளவைக் காட்டும் சிறு அட்டையை உடையில் குத்திக்கொள்கின்றனர். சர்வதேச விதிப்படி ஒரு பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்திற்கு 20 மில்லிசீவேட்டுக்கு மேற்படலாகாது. கதிர் வரும் இடத்திலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஓரடி பின்னே நிற்பதும் ஒரு பாதுகாப்பே.

நாள் முழுவதும் பாரமான அங்கியோடு நிற்பதால் முதுகு நோ இத்தொழிலில் சாதாரணம். இரவில் அழைப்பு வந்தாலும் போக வேண்டும். இத்தொழிலை விரும்பும் பிள்ளைகள் இதனையும் அறிந்தே வர வேண்டும்.

5. வன்னியின் நிலை

போர்க்காலத்தில் வன்னியில் நெஞ்சு நோ வந்த ஒருவர் இப்பரிசோதனைக்காகச் சோதனைச் சாவடிகளைக் கடந்து கொழும்புவரை செல்ல வேண்டியிருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் அந்த வழியும் ஒடுங்கிற்று. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையிலும் கதீற்றர் ஆய்வுகூடங்கள் உள்ளன. நெதர்லாந்து நாட்டின் நிதியுதவியுடனான வட மாகாணச் சுகாதாரத் திட்டத்தில் வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இருதய, சிறுநீரக நோய்ப் பிரிவு ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இவை நல்ல முன்னேற்றங்கள்.

ஆயினும் தூரம் தூரமே. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கி.மீ. முல்லைத்தீவிலிருந்து 100 கி.மீ.க்கு மேல். வீதிக்கு வர முன்னரே ஒழுங்கையிலும் குளக்கட்டிலும் போகும் நேரம் வேறு. மாரடைப்பில் அடைபட்ட நாடியை, நோயாளி அத்தகைய வைத்தியசாலையை அடைந்து 90 நிமிடங்களுக்குள் பலூனால் திறப்பதே உலகில் கைக்கொள்ளப்படும் இலக்கு. அவ்வளவு விரைவில் அங்கு போய்ச் சேர முடியாதவருக்கு, அருகிலுள்ள வைத்தியசாலையில் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தே முதல் உதவி. அம்மருந்து முதற் சில மணித்தியாலங்களிலேயே கூடிய பயன் தரும்.

6. எமது பிள்ளைகளும் இத்தொழிலும்

ஓர் ஆய்வுகூடம் இரவும் பகலும் இயங்க வேண்டுமானால் ஒரு வைத்தியரும் ஓர் இயந்திரமும் போதாது. முறை மாறி முறை நிற்கப் பயிற்றப்பட்ட பலர் வேண்டும். வெளியிடங்களிலிருந்து நியமனம் பெற்று வருபவர் சில காலத்தில் இடமாற்றம் கேட்டுச் செல்வது இயல்பு. ஊரில் வேர் உள்ளவரே நிலைத்து நிற்பார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை வன்னி மக்களில் பலர் அறிவர். 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலுடன் அதனைத் தொடங்கினார். ஆனால் அவர் கட்டில்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. 1909 இல் தாதியர் பயிற்சியையும் 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஆரம்பித்தார். பிற்காலத்தில் கமலா வைத்திலிங்கம் அம்மையார் அங்கு இருதய நோய்ப் பிரிவை வளர்த்தெடுத்தார். இன்று அங்கு இருதயத் தொழில்நுட்பம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆட்களைப் பயிற்றியதாலேயே அந்த நிறுவனம் நிலைத்தது.

எமது நாட்டில் இத்துறைக்கு வர க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியடைந்திருத்தல் அடிப்படை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் றேடியோகிராபி பட்டப் படிப்பு உண்டு. சுகாதார அமைச்சு ஈ.சீ.ஜி. பதிவாளர், றேடியோகிராபர் போன்ற பயிற்சிகளுக்கு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருகின்றது. தகைமைகள் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறலாம். ஆகவே பங்குப் பணிமனை, கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை ஆகியன வர்த்தமானியைத் தவறாது பார்த்து அறிவித்தற் பலகையில் ஒட்டுவது பெரிய சேவை. 'வைத்தியத் துறை கிடைக்கவில்லை, இனி ஒன்றும் இல்லை' என்று மனமுடையும் பிள்ளைக்கு இந்த வாசலும் திறந்திருக்கின்றது என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். உயிரியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து இத்தகையோர் வரமாட்டார்கள். எனவே உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு ஆசிரியர் கேட்டுப் போராடுவதும் இதய நோயாளிக்குச் செய்யும் உதவியே.

7. கிராமத்தில் இன்றே செய்யக்கூடியவை

- நடு நெஞ்சில் அழுத்தும் நோ, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியன கண்டால் 'வாய்வு' என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவருக்கும் பெண்களுக்கும் நோ இன்றிக் களைப்பு மட்டும் வரலாம்.
- உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வட மாகாணத்திற்கு வந்தது. அடையாளம் காணக்கூடிய சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள்.
- நோ தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். வைத்தியர் முதலிற் கேட்பது அதனையே.
- பாவிக்கும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சிறுநீரக வருத்தமோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்னரே சொல்லுங்கள். செலுத்தப்படும் திரவம் அத்தகையோருக்குத் தீங்காகலாம்.
- ஸ்ரென்ட் வைத்தவர் குருதி உறையாமலிருக்கத் தரப்படும் குளிசையை வைத்தியரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது.
- தொண்டை நோவுடன் காய்ச்சலும், பின்னர் மூட்டு வீக்கமும் வரும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். மாதாந்தப் பெனிசிலின் ஊசி அதனைத் தடுக்கும்.

நல்ல சமாரியன் காயமுற்றவனுக்கு எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. தன் விலங்கின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அங்கே பராமரிக்க ஒருவரிடம் ஒப்படைத்தான். கொண்டுபோவதற்கு நாம் இருக்கின்றோம். பராமரிக்கும் கைகளையும் எம்மிடையே இருந்து உருவாக்குவோம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் அம்புலன்ஸ் வருவதற்கு எவ்வளவு நேரம் செல்லும்? அதனைக் குறைக்க என்ன செய்யலாம்?
2. எமது பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் வசதி உண்டா? இல்லையெனில் பிள்ளைகள் எங்கே போகின்றனர்?
3. எமது பங்கில் மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ள பிள்ளைகள் யார்? அவர்களுக்கு யார் வழிகாட்டுவது?