போஸ்ட் எதற்கு, யாருக்கு?



தம்பி, கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) பல் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்துவிட்டாய், நல்லது. ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு, வேருக்குள் நடும் கம்பியான போஸ்ட்டில் எது நல்லது என்று கேட்டிருந்தாய். போஸ்ட் தேவையா என்பதை முதலில் பார்.

வேருக்குள் கம்பி நட்டால் பல் பலப்படும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். 1728-இல் பாரிஸில் பியர் ஃபோஷார் வெளியிட்ட நூலிலேயே வேரில் உலோக முளை செருகும் வேலை உண்டு. 1970-80களின் ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தன. போஸ்ட்டின் வேலை, கிரவுனுக்கு அடித்தளமாக மேலே கட்டும் கோர் பெயராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. சுரங்கத்தில் முட்டுக் கொடுத்தவர்களின் பேரன் நீ. முட்டு பாறையைக் கெட்டியாக்காது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, போஸ்ட்டுக்கு இடம் செய்ய பல்லின் நல்ல டென்டினையும் குடைய வேண்டியிருக்கிறது.

கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் போஸ்ட்டே வேண்டாம். பல்லின் உள்ளறையே கோரைப் பிடித்துக்கொள்ளும். முன்பல்லிலும் சிறு கடைவாய்ப் பல்லிலும் சுவர்கள் போயிருந்தால்தான் யோசனை.

அப்போதும் முதலில் ஈறுக்கு மேல் எவ்வளவு பல் மிச்சம் என்று அளந்து பார். கிரவுன் சுற்றிப் பிடிக்க 1.5 முதல் 2 மி.மீ. நல்ல பல் வேண்டும். இதுதான் ஃபெரூல். இது இருந்தால் சுமாரான போஸ்ட்டும் நிற்கும். இல்லாவிட்டால் விலை உயர்ந்ததும் நிற்காது.

பொருள் விஷயத்துக்கு வருவோம். டென்டினின் மீள்மைக் கெழு சுமார் 18 கிகாபாஸ்கல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 200 அளவில். அவ்வளவு விறைப்பான கம்பி, மெல்லிய வேரில் அழுத்தத்தை ஓரிடத்தில் குவிக்கும். வேர் நெடுக்காகப் பிளந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கிளாஸ் ஃபைபர் போஸ்ட் டென்டினுக்கு நெருக்கமாக வளையும். தோற்றாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டுத்தான் கழன்றுவரும், மறுபடி ஒட்டலாம். நான் ஃபைபர் பக்கம் சாய்வது இதனால்தான். அதற்காக, உலோகத்தில் வார்த்துச் செய்யும் வார்ப்பு போஸ்ட்டைத் தள்ளிவிடாதே. வட்டமில்லாத, அகன்ற கால்வாய்க்கு அது இன்றும் பொருந்தும். ஆனால் லேபுக்கு அனுப்பி, இன்னொரு தடவை வரச் சொல்ல வேண்டும். மாரிக்குப்பம் ரயிலில் விடியலில் பெங்களூரு போய் இரவில் திரும்புகிறவருக்கு அந்த இரண்டாவது தடவை என்பது ஒரு நாள் கூலி. அதையும் கணக்கில் வை.

போஸ்ட்டுக்கு இடம் குடையும்போது, வேர் நுனியை அடைத்திருக்கும் 4-5 மி.மீ. கட்டா பெர்ச்சாவைத் தொடாதே. கசிவு வந்தால் மேலே கட்டியதெல்லாம் வீண். போஸ்ட்டின் தடிமன் வேரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

ஃபெரூலுக்கு இடமே இல்லாத பல்லும் வரும். ஈறை இறக்கியோ பல்லை மேலே இழுத்தோ ஃபெரூல் கிடைக்குமா என்று பார். கிடைக்காதென்றால், போஸ்ட் போட்டு பில் எழுதாமல், பிடுங்க வேண்டியிருக்கும் என்று நோயாளியிடம் அன்றே சொல்லிவிடு.